கல்யாணமாகி 32 நாள், கர்ப்பம் 6 வாரம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கல்யாணம் ஆகி 32 நாள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கர்ப்பம் 6 வாரம் என்று போட்டிருக்கிறது. 6 வாரம் என்றால் 42 நாள்.

இந்த 10 நாள் வித்தியாசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே என் ஓ.பி. அறைக்குள் வந்து நின்றது.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. அப்போது எனக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டூட்டி. முதலில் மாமியார் வந்தார். அவருக்குப் பின்னால் பையன். கடைசியாக, அழுது வீங்கிய முகத்தோடு அந்தப் பெண். பெண்ணின் அம்மா அறைக்குள் வரவில்லை. வராண்டா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த 6 வாரம்ங்கறது சரியா, தப்பா?"

"சரிதாம்மா" என்றேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் திரும்பி மருமகளைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இருங்கம்மா. 6 வாரமும் சரி. உங்க மருமக சொல்றதும் சரி. ரெண்டுமே சரி."

"அது எப்படி டாக்டர் ரெண்டும் சரியா இருக்கும்?"

அது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் உங்கள் வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால், அல்லது புதுசாகக் கல்யாணமான ஜோடி இருந்தால், முழுசாகப் படித்துவிடுங்கள். அந்தக் குடும்பத்தை உடைக்கப் பார்த்த 10 நாள் கணக்குக்குப் பின்னால் 200 வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

முதலில் நம்ம ஊர் கணக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

"பத்து மாசம் சுமந்து பெத்தவ" என்று நாம் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் "9 மாசம் 7 நாள்" என்கிறார். எது சரி?

இதுவும் ரெண்டுமே சரிதான்.

பெண்களின் மாதவிடாய்ச் சுற்று சராசரியாக 28 நாள். அதை ஒரு மாசம் என்று வைத்தால் பத்து மாசத்துக்கு 280 நாள். இங்கிலீஷ் காலண்டரில் 9 மாசமும் 7 நாளும் போனால் அதே 280 நாள்தான், சில சமயம் ஓரிரு நாள் கூடும். பிப்ரவரிக்கு 28, ஜூலைக்கு 31 என்று மாதங்கள் ஒரே அளவாக இல்லாததால் 280 முதல் 283 வரை வரும். கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய மருத்துவ நூல்களிலும் 280 நாள் கணக்கு இருக்கிறது. அவர்கள் அதை ஏழு நாற்பதுகளாக எண்ணினார்கள்.

ஆக 280 என்ற எண்ணில் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் வேறு ஒரு கேள்வியில்தான்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கரு உருவான நாளிலிருந்து எண்ணலாமே என்று தோன்றும். அந்த நாள் யாருக்குத் தெரியும் சொல்லுங்கள்? கரு உருவாகும்போது வலிக்காது, காய்ச்சல் வராது, எந்த அடையாளமும் வெளியே தெரியாது. ஒரு பெண்ணுக்குத் தேதி போட்டு நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம், கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்பதுதான்.

இதை நம்ம பாட்டிகளும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை என்ன? "முழுகாம இருக்கா." மாதவிடாய் முடிந்து தலைக்கு முழுகும் குளியல் இந்த மாசம் நடக்கவில்லை, அதனால் கர்ப்பம். அந்த வார்த்தைக்குள்ளேயே மாதவிடாய்க் கணக்கு ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

ஐரோப்பாவிலும் இதே வழிதான். நெதர்லாந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் போர்ஹாவே (1668 - 1738) என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் அவரிடம் மருத்துவம் படிக்க வருவார்கள். அவர் இறந்த பிறகு 1744இல் அவருடைய விரிவுரைகள் புத்தகமாக வந்தன. அதில் ஒரு குறிப்பு: கடைசி மாதவிடாய்க்குப் பிறகு ஒரு வாரத்தைக் கூட்டி, அங்கிருந்து 9 மாதம் எண்ணினால், அனேகமாக எல்லாப் பிரசவங்களும் அந்தச் சமயத்தில் நடக்கின்றன.

அடுத்து ஜெர்மனி. ஹைடல்பர்க் நகரத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஃபிரான்ஸ் கார்ல் நேகலே (1778 - 1851). போர்ஹாவே சொன்னதை எடுத்து எளிமையாக்கி, 1830இல் மருத்துவச்சிகளுக்காக எழுதிய பாடநூலில் சேர்த்தார். பெரிய டாக்டர்களுக்கான நூல் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கும் பெண்களுக்கான கைநூல். அவர்களுக்குத் தலையில் நிற்கிற மாதிரி ஒரு கணக்கு வேண்டும் இல்லையா?

அந்தக் கணக்கு இதுதான்: மாதத்தில் 3 கழி, தேதியில் 7 கூட்டு.

கடைசி மாதவிடாய் 2024 ஜூன் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து 3 மாதம் பின்னால் போனால் மார்ச். 10 கூட்டல் 7, 17. ஆக 2025 மார்ச் 17. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக 280 நாள் வரும்.

இதுதான் "நேகலே விதி". எம்.பி.பி.எஸ். மாணவர்கள் மகப்பேறு வார்டில் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. உங்கள் வீட்டுப் பெண்ணின் கர்ப்பிணி அட்டையில் இ.டி.டி. என்று ஒரு தேதி போட்டிருப்பார்களே, "எதிர்பார்க்கப்படும் பிரசவ தேதி", அது இப்படித்தான் வருகிறது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து பேனாவால் எழுதினாலும் சரி, செல்போன் ஆப் சொன்னாலும் சரி, உள்ளே ஓடுவது இந்தக் கணக்குதான்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருந்தது.

"கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வாரம்" என்றார்கள். மாதவிடாய் ஆரம்பித்த நாளிலிருந்தா, முடிந்த நாளிலிருந்தா? போர்ஹாவேயும் தெளிவாகச் சொல்லவில்லை, நேகலேயும் சொல்லவில்லை. பின்னால் வந்த பாடநூல்களில் சில முதல் நாளிலிருந்து எண்ணின, சில கடைசி நாளிலிருந்து எண்ணின. 20ஆம் நூற்றாண்டில்தான் "முதல் நாள்" என்று நிலைத்தது.

இந்தக் குழப்பம் இன்னும் நம்ம ஓ.பி.யில் உயிரோடு இருக்கிறது தெரியுமா?

"கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்ச?" என்று கேட்போம். அந்தப் பெண் குளித்த தேதியைச் சொல்லுவாள். அதாவது மூன்றாம் நாளோ, ஐந்தாம் நாளோ. நாம் அதையே முதல் நாள் என்று அட்டையில் எழுதிவிடுவோம். அங்கேயே 3, 4 நாள் போச்சு. அதனால் இப்போதெல்லாம் நான் "எப்போ குளிச்ச" என்று கேட்பதில்லை. "முதன்முதலா பட்டது என்னிக்கு?" என்றுதான் கேட்கிறேன்.

சரி, இப்போது அந்த 6 வாரக் குடும்பத்துக்கு வருவோம்.

போர்ஹாவே காலத்திலும் நேகலே காலத்திலும் டாக்டர்கள் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தார்கள். மாதவிடாய் முடிந்த உடனே வரும் நாட்களில்தான் கரு தரிக்கும் என்று. அதனால்தான் அந்த "ஒரு வாரம்" கணக்கில் வந்தது.

அது தப்பு.

பாலூட்டிகளின் கருமுட்டையையே 1827இல்தான் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் என்பவர் முதன்முதலாக நுண்ணோக்கியில் கண்டறிந்தார். மனுஷியிடம் கூட இல்லை, ஒரு நாயிடம். அந்த முட்டை மாதத்தில் எந்த நாள் வெளியே வருகிறது என்பது தெரிய இன்னும் நூறு வருடம் ஆனது. 1920களில் ஜப்பானில் கியுசாகு ஒகினோவும், ஆஸ்திரியாவில் ஹெர்மன் நாவ்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்: அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால்தான் கருமுட்டை வெளியாகிறது.

28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்கு அது மாதவிடாய் ஆரம்பித்த 14ஆம் நாள் வாக்கில் வரும்.

அப்படியென்றால் குழந்தை உண்மையில் வயிற்றில் இருப்பது 280 நாள் இல்லை. சுமார் 266 நாள்தான்.

இது தெரிந்த பிறகு கணக்கை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அதற்குள் உலகம் முழுவதும் டாக்டர்கள், மருத்துவச்சிகள், பாடநூல்கள் எல்லாம் கடைசி மாதவிடாயை வைத்தே எண்ணிப் பழகிவிட்டார்கள். அதுவும் இல்லாமல் கருமுட்டை வெளியான நாள் பெரும்பாலான பெண்களுக்கு இன்றைக்கும் தெரியாது, மாதவிடாய்த் தேதிதான் தெரியும். அதனால் பழைய கணக்கே நின்றுவிட்டது.

விளைவு என்ன? உலகத்தில் எந்த டாக்டர் "6 வாரக் கர்ப்பம்" என்று சொன்னாலும், அதில் முதல் 2 வாரம் குழந்தையே கிடையாது. அந்த 2 வாரம் சும்மா கணக்குக்காகச் சேர்த்தது. ஸ்கேன் மெஷினிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தையின் அளவைப் பார்த்து, அதோடு 2 வாரத்தைச் சேர்த்துத்தான் அது வாரத்தைச் சொல்கிறது.

நான் அந்த அம்மாவிடம் மேசை மேலிருந்த காலண்டரை எடுத்து வைத்தேன்.

"கல்யாணத் தேதி குறிக்கும்போது பொண்ணோட நாளைக் கேட்டுத்தானே குறிச்சீங்க?"

"ஆமா, அது கேக்காம எப்படி?"

"என்ன தேதி சொன்னாங்க?"

அவருக்கு நினைவில்லை. வெளியே தூணைப் பிடித்து நின்ற பெண்ணின் அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். அவருக்குத் தேதி நாக்கு நுனியில் இருந்தது. கல்யாணத்துக்குச் சரியாகப் பத்து நாள் முன்னால். முகூர்த்தத்தன்று சங்கடம் இருக்கக் கூடாது என்று இரண்டு வீட்டாரும் பேசித்தான் அந்த நாளைக் குறித்திருக்கிறார்கள்.

காலண்டரில் அந்த நாளை வட்டம் போட்டேன். அங்கிருந்து எண்ணினால் கல்யாணம் 10ஆம் நாள். கரு தரித்தது 14ஆம் நாள் வாக்கில், அதாவது கல்யாணம் ஆன நாலாவது நாள். இன்றைக்கு 42ஆம் நாள். ஸ்கேன் சொன்ன 6 வாரம் அதுதான்.

அந்த அம்மா விரல் விட்டு ஒரு தடவை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நம்ம வீடுகளில் அது அவ்வளவு சுலபமாக நடக்காது. ஆனால் வெளியே போகும்போது மாமியார் மருமகள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

நண்பர்களே, இந்த ஒரு கணக்குத் தெரியாமல் பேசக்கூடாத வார்த்தையைப் பேசிய குடும்பங்களை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இடத்தை மட்டுமாவது நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. கார்ட்னர் என்ற கடற்படை அதிகாரி 1802 தொடக்கத்தில் மனைவியைப் பிரிந்து கப்பலேறினார். ஜூலையில் திரும்பி வந்தார். டிசம்பரில் குழந்தை பிறந்தது. கப்பலேறுவதற்கு முன் என்றால் 10 மாதத்துக்கு மேல் ஆகிறது. திரும்பி வந்த பின் என்றால் 5 மாதம் கூட ஆகவில்லை. 1820களில் அந்தப் பிரபு பட்டத்துக்கு வாரிசு யார் என்ற வழக்கு வந்தபோது, ஒரு குழந்தை எத்தனை நாள் வயிற்றில் இருக்க முடியும் என்று டாக்டர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் பொருந்தவில்லை. கடைசியில் பட்டம் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் 1872ஆம் வருட சாட்சியச் சட்டத்தில் இந்த 280 ஏறி உட்கார்ந்தது. அதன் 112ஆவது பிரிவு, கல்யாண உறவு இருக்கும்போதோ, அது முடிந்து 280 நாளுக்குள்ளோ குழந்தை பிறந்தால் (தாய் மறுமணம் செய்யாதிருந்தால்) அது அந்தக் கணவரின் குழந்தைதான் என்று எடுத்துக்கொண்டது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. பெயர் மாறியது, பிரிவு எண் 116 ஆனது. 280 மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த கேள்வி. இந்த 280ஆவது நாளில் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன?

100 குழந்தையில் 4 அல்லது 5. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 2013இல் வெளியான ஒரு ஆய்வு. 125 பெண்கள். சிறுநீர்ப் பரிசோதனை மூலம் அவர்களுக்குக் கருமுட்டை வெளியான நாளையே கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் ஆரம்பத் தேதியில் சந்தேகமே கிடையாது. அந்த நாளிலிருந்து பிரசவம் வரை ஆனது ஏறக்குறைய 268 நாள், நடுவான கணக்குப்படி. ஆனால் குறைப்பிரசவங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்கூட, சீக்கிரம் பெற்றவருக்கும் தாமதமாகப் பெற்றவருக்கும் நடுவில் 37 நாள் வித்தியாசம்!

ஒரே நாளில் மரத்தில் காய்த்த மாங்காய் எல்லாம் ஒரே நாளிலா பழுக்கிறது? அது மாதிரிதான்.

37 வாரத்திலிருந்து 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் இயல்பான பிரசவம் நடக்கலாம். இ.டி.டி. அதற்கு நடுவில் நட்ட ஒரு மைல்கல். பஸ் டைம் டேபிள் மாதிரி அதைப் பார்க்காதீர்கள். "தேதி தாண்டி ரெண்டு நாள் ஆச்சு, குழந்தைக்கு என்னமோ ஆயிரும்" என்று பயந்து இராத்திரி 12 மணிக்கு ஓடி வருபவர்கள் உண்டு. அவர்களிடம் குழந்தையின் நாடித்துடிப்பைக் கேட்க வைத்து, அசைவைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மூச்சு விடுவார்கள்.

"அப்படின்னா தேதி ஒரு பொருட்டே இல்லையா டாக்டர்?"

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தேதி உயிர் காக்கும். சரியாகப் போட்டிருந்தால்.

தேதியைச் சரியாகப் போட ஒரு புது வழி ஸ்காட்லாந்தில் பிறந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழக மகப்பேறு பேராசிரியர் இயான் டொனால்ட். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர். 1955இல் அவர் பக்கத்திலிருந்த ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். அங்கே இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒலி அலை மெஷின் வைத்திருந்தார்கள். ஆபரேஷனில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய், அந்த மெஷினில் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கொடுத்தார்கள். திடக்கட்டி ஒரு மாதிரி, நீர்க்கட்டி வேறு மாதிரி எதிரொலி கொடுத்தது.

1958இல் அவரும், ஜான் மெக்விகாரும், டாம் பிரௌன் என்ற இளம் இன்ஜினியரும் சேர்ந்து லான்செட் இதழில் கட்டுரை எழுதினார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் கர்ப்பிணிகள் எடுக்கும் ஸ்கேனுக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது.

1973இல் அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் என்ற டாக்டர், கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தை முதல் 3 மாதத்துக்குள் அளந்தால் கர்ப்பத்தின் வயதைச் சில நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம் என்று காட்டினார்.

அது ஏன் முதல் 3 மாதம்? அந்தக் கட்டத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. அம்மா உயரமா, குள்ளமா, நன்றாகச் சாப்பிடுகிறாளா, இல்லையா என்பதெல்லாம் அப்போது பெரிதாகத் தெரியாது. போகப் போகத்தான் ஒரு குழந்தை பெரிதாகவும் ஒரு குழந்தை சிறிதாகவும் வளரும்.

அதனால் முதல் 3 மாத ஸ்கேன் 5 முதல் 7 நாள் முன்னே பின்னே சொல்லும். 5ஆம் மாத ஸ்கேன் 7 முதல் 10 நாள். கடைசி 3 மாதத்தில் எடுக்கும் ஸ்கேனோ 3 வாரத்துக்கு மேல்கூடத் தவறலாம்.

இதைப் படிக்கும்போது வெறும் எண்ணாகத்தான் தெரியும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பெண். மூன்று ஸ்கேன் பேப்பர், மூன்று இ.டி.டி. முதல் பேப்பர் 12ஆம் வாரத்தில் எடுத்தது. கடைசிப் பேப்பர் 9ஆம் மாதம் வெளியே எடுத்தது. கடைசியில் உள்ள தேதி முதல் தேதியைவிட 3 வாரம் தள்ளி இருந்தது. "புது ரிப்போர்ட்ல இன்னும் டைம் இருக்குன்னு போட்டிருக்கு" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அசைவு குறைந்திருக்கிறது என்று வந்தபோது, முதல் ஸ்கேன்படி 41 வாரம் தாண்டிவிட்டிருந்தது.

நடந்தது என்னவென்றால், குழந்தைக்கு வயிற்றுக்குள் சரியாகச் சத்துப் போகவில்லை. வளர்ச்சி குறைவு. மெஷின் குழந்தையின் அளவைப் பார்த்தது, "சின்னதா இருக்கு, அதனால வயசு கம்மி" என்று கணக்குப் போட்டது. ஆபத்தில் இருந்த குழந்தையை இளைய குழந்தை என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு மூத்த மகப்பேறு டாக்டர் முதல் பேப்பரைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு உடனே ஆபரேஷனுக்கு எடுத்தார். குழந்தை பிழைத்தது. 2 கிலோவுக்குக் கீழே.

அந்த முதல் பேப்பர், சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த ஒரு பழைய பேப்பர். பெண்ணின் அண்ணன் பைக்கில் போய் எடுத்து வந்தார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குறைமாதத்தில் வலி வந்தால் குழந்தையின் நுரையீரல் பலப்பட அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் 1972இல் உலகுக்குக் கொடுத்த அருமையான சிகிச்சை. எத்தனையோ குழந்தைகள் இதனால் மூச்சு விடுகின்றன.

இதை ஏழை நாடுகளின் கிராமங்களுக்கும் கொண்டு போகலாம் என்று இந்தியா உள்பட 6 நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2015இல் வந்தது. எல்லோருக்கும் அதிர்ச்சி. ஊசித் திட்டம் நடந்த பகுதிகளில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது.

பல காரணங்கள் பேசப்பட்டன. முக்கியமாகப் பேசப்பட்டது, அங்கே பல பெண்களுக்குக் கர்ப்பம் எத்தனை வாரம் என்றே சரியாகத் தெரியாது என்பது. மாதவிடாய்த் தேதி தெரியாதவர்களுக்கு வயிற்றை டேப்பால் அளந்து வாரத்தை ஊகித்தார்கள். குறைமாதமே இல்லாத பல பெண்களுக்கு ஊசி போய்ச் சேர்ந்தது.

பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய 5 நாடுகளில் 29 மருத்துவமனைகளில் மறுபடி ஆய்வு செய்தது. இந்தத் தடவை ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதி செய்த பிறகே ஊசி. கவனிக்க வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும். 2020இல் முடிவு வந்தது. குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 25 பெண்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தையின் உயிர் மிஞ்சுகிறது.

இப்போது புரிகிறதா, ஓ.பி.யில் நர்ஸம்மா "தேதி சொல்லும்மா, தேதி சொல்லும்மா" என்று ஏன் விடாமல் கேட்கிறார் என்று?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

மாதவிடாய் ஆரம்பித்த முதல் நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். போனில் குறித்து வைத்தாலும் சரி. கல்யாணமான பெண்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மாதாமாதம் இதைச் செய்யுங்கள். கணவன்மார்களே, உங்களுக்கும் அந்தத் தேதி தெரிந்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நாள் தள்ளிப்போனால் ஒரு வாரத்துக்குள் பரிசோதனை செய்து, அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யுங்கள். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று ஊருக்குச் சொல்லாமல் இருங்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

உங்கள் சுற்று 28 நாள் இல்லை, 35 நாளுக்கு ஒரு தடவைதான் வரும் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளியாகும், பிரசவ தேதியும் ஒரு வாரம் தள்ளும். கருத்தடை மாத்திரையை இப்போதுதான் நிறுத்தியிருந்தால், முந்தின குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கர்ப்பமாகியிருந்தால், அதையும் சொல்லுங்கள். அந்தச் சூழலில் மாதவிடாய்க் கணக்கை நம்ப முடியாது. ஸ்கேன்தான் கதி.

முதல் 3 மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுங்கள். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வாரம்" என்பது. "என்ன குழந்தை" என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

அந்த முதல் ஸ்கேன் பேப்பரைப் பத்திரமாக வையுங்கள். போட்டோ எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனில் வையுங்கள். ஸ்கேன் பேப்பர் மை நாளடைவில் அழிந்துவிடும். டாக்டர் முதல் ஸ்கேனைப் பார்த்து ஒரு தடவை முடிவு செய்த தேதி, பின்னால் வரும் ஸ்கேன்களில் என்ன போட்டிருந்தாலும் மாறாது.

தேதி தாண்டினால் பதற வேண்டாம். ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்தும் இருக்க வேண்டாம். தேதி அன்றைக்கே வந்து காட்டுங்கள். 41 வாரத்துக்கு மேல் காத்திருப்பது குழந்தைக்கு நல்லதில்லை. 41 வாரம் என்று உறுதியாகத் தெரிந்தால் வலி வரவழைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த "உறுதியாக" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அது உங்கள் கையில் இருக்கும் முதல் தேதியை நம்பித்தான் இருக்கிறது.

எந்த வாரமாக இருந்தாலும் குழந்தையின் அசைவு குறைந்தால், நீர் உடைந்தால், ரத்தம் பட்டால், தேதி பார்க்காதீர்கள். 108க்குக் கூப்பிட்டு உடனே வாருங்கள்.

கடைசியாக ஒன்று. சிசேரியன் என்று முடிவானதும் ஜோசியரிடம் போய் நட்சத்திரம் பார்த்து நாள் குறித்து வருபவர்களுக்கு. உங்கள் நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். அவசரக் காரணம் எதுவும் இல்லாதபோது 39 வாரம் முடியாமல் மட்டும் நாள் குறிக்காதீர்கள். நல்ல நட்சத்திரத்தில் பிறந்து மூச்சுத் திணறி பச்சிளம் குழந்தை வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம் படுத்திருக்கும் குழந்தையைப் பார்த்தால் உங்களுக்கே மனசு கேட்காது.

அந்த 6 வாரப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் திட்டுவீர்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் மாமியார் லட்டு டப்பாவோடு வந்தார். தாலுகா ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. நாங்கள் அட்டையில் எழுதிக் கொடுத்த தேதிக்கு 6 நாள் முன்னாலேயே பிறந்துவிட்டாள்.

"என்னம்மா, நாங்க சொன்ன தேதி தப்பாப் போச்சே" என்றேன்.

"தேதி கெடக்குது டாக்டர், புள்ள நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு, எனக்கு இரண்டு லட்டு எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் வீட்டுக் காலண்டரில் இன்றைக்கே ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள்.